ஊசியும் மண்வெட்டியும்

பனி உறையும் நாடுகளில் குளிர்காலம் கழிந்து இளவேனில் பிறப்பதை அறியக் கண் ஒன்றே போதும். நேற்றுவரை வெண்மையாய்க் கிடந்த நிலம் இன்று கறுத்துத் தோன்றும்; பட்டமரம்போல் நின்றது துளிர்விடும். இலங்கையின் மேற்குக் கரையில் வாழ்வோருக்கு அத்தகைய காட்சி கிடைப்பதில்லை. கொழும்பில் ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் இடையே சராசரி வெப்பநிலையில் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 2 பாகைதான். ஆயினும் இங்கும் பருவம் மாறத்தான் செய்கிறது. அம்மாற்றத்தை வானத்தைக் காட்டிலும் வீட்டின் திண்ணையிலும் வளவிலும் தெளிவாகக் காணலாம்.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்தனர். அவற்றுள் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம். தை மாதத்து விடியற்காலையில் புல்நுனியில் நின்ற பனித்துளி, பங்குனி பாதியில் கண்ணுக்கு அகப்படாது. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து, நண்பகலில் இலையும் அசையாத புழுக்கம் நிலவும். ஏப்ரல் 5 முதல் 15 வரையுள்ள நாட்களில் நண்பகற் சூரியன் இலங்கையின் நேர் உச்சியில் நிற்கிறான். பிற்பகலிற் கருமுகில் திரண்டு இடியும் மின்னலுமாக மழை பொழியும். முள்முருங்கை சிவந்து பூக்க, குயிலின் குரல் ஓயாது கேட்கும். இவ்வேளையில் வீடுகள்தோறும் இரண்டு வேலைகள் தொடங்குகின்றன. ஒன்று, சித்திரைப் புத்தாண்டுக்கு ஆடை தைத்தல். மற்றையது, மழை வலுக்குமுன் தோட்டத்தைச் சீர்செய்தல்.

கொழும்புக்கு வடக்கே, களனி கங்கையைக் கடந்தவுடன் நீர்கொழும்பு வீதியில் அமைந்திருப்பது வத்தளை. மேற்கே கடல், வடக்கே முத்துராஜவெல என்னும் பெருஞ் சதுப்புநிலம். இடையே ஓடுவது ஹமில்டன் கால்வாய். ஆங்கிலேயர் இக்கால்வாயை 1802ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கி 1804ஆம் ஆண்டில் முடித்தனர். சதுப்பினுள் ஏறிய உவர்நீரை வடித்தகற்றுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. முத்துராஜவெல முன்னொரு காலத்தில் நெல் விளைந்த நிலம் என்றும், உவர்நீர் புகுந்தமையால் அது பாழாயிற்று என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அச்சதுப்பின் ஒரு பகுதி 1996ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்டது. நீர் எங்கே நிற்க வேண்டும், எங்கே வடிய வேண்டும் என்பதே இவ்வூர் மண்ணின் பழைய வினா. அவ்வினா சிறியதொரு வீட்டுத் தோட்டத்திலும் எழுகிறது என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

வத்தளையிலும் அதனை அடுத்த ஹெந்தளையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிற் பல, வேறு ஊர்களிலிருந்து வந்து குடியேறியவை. தொழில் தேடி வந்தோரும் உண்டு. போர்க்காலத்தில் ஊரைவிட்டுப் பெயர்ந்தோரும் உண்டு. அத்தகைய குடும்பங்களிற் காணப்படும் இயல்புகளைத் திரட்டி, ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். பத்துப் பேர்ச் காணியில் ஒரு சிறு வீடு. அம்மம்மா வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டஞ் செய்து வளர்ந்தவர். மகள் ஓர் அலுவலகத்திற் பணிபுரிகிறார். மருமகன் புறக்கோட்டையில் ஒரு கடையிற் கணக்கெழுதுகிறார். பேர்த்திக்கு வயது பதினாறு, பேரனுக்குப் பதினொன்று. திண்ணையின் ஓரத்தில் ஒரு தையற்பொறி இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் வளவு முழுவதும் தெரியும்.

பங்குனி பிறந்ததும் அம்மம்மா பஞ்சாங்கத்தைக் கையில் எடுக்கிறார். புத்தாண்டு பிறக்கும் நேரம், மருத்துநீர் தேய்த்து நீராடும் வேளை, கைவிசேடம் வழங்கும் முகூர்த்தம் ஆகியவற்றோடு, அன்று உடுக்கத்தக்க ஆடையின் நிறமும் அதிற் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வாண்டு சிவப்பு என்று கண்டால், வீட்டின் பெட்டிகளைத் திறந்து தேடுவது முதல் வேலை; கடைக்குச் செல்வது இரண்டாவது வேலை. பெட்டியின் அடியிலிருந்து வெளிப்படுகிறது ஒரு செந்நிறச் சேலை. தலைப்பில் இரண்டிடத்தில் இழை விட்டிருக்கிறது. கொசுவம் விழும் பகுதி வெளிறியிருக்கிறது. ஏனைய பகுதி இன்னும் உறுதியாகவே உள்ளது. பேர்த்திக்கு ஒரு பாவாடையும், எஞ்சியதில் தலையணை உறை இரண்டும் அதிலிருந்து பெறலாம் என்பது அம்மம்மாவின் கணக்கு.

இக்கணக்கை எளிதென எண்ணுதல் கூடாது. சேலை என்பது வெட்டப்படாத துணி; எவர் உடலுக்கும் அது பொருந்தும். பாவாடையோ ஒருவருக்கென அளந்து வெட்டப்படுவது. வெட்டும்முன் நைந்த இடம் எது, வலுவான இடம் எது என்று வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். கரை கீழ்ப்புறம் வருமாறு துணியை மடிக்க வேண்டும். வளரும் பிள்ளையாதலால் அடியில் இரண்டு மடிப்புகளை உள்ளே வைத்துத் தைத்தால், அடுத்த ஆண்டு ஒன்றையும் அதற்கடுத்த ஆண்டு மற்றொன்றையும் அவிழ்த்து நீட்டிக்கொள்ளலாம். மேற்சட்டைக்குப் புதிய பருத்தித் துணி வாங்கினால், அதனை நீரில் நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுதல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின் முதற் சலவையிலேயே சட்டை சுருங்கிப்போகும். இவை எல்லாம் சிறிய செய்திகள்தாம். ஆயினும் இவற்றுள் ஒன்று தவறினாலும் உழைப்பு முழுவதும் வீணாகும்.

திண்ணையில் நிற்கும் அப்பொறிக்கும் ஒரு வரலாறு உண்டு. சாதாரண ஊசியின் துளை அதன் தலைப்பக்கத்தில் இருக்கும். பொறியின் ஊசியிலோ துளை கூர்முனைக்கருகில் இருக்கிறது. ஊசி துணியை ஊடுருவி மேல்நூலைக் கீழே கொண்டுசெல்ல, அங்கே பொபினிலிருந்து வரும் கீழ்நூல் அதனோடு கோத்துக்கொள்கிறது. இவ்விரு நூல்களும் துணியின் நடுவே பூட்டிக்கொள்வதாலேயே தையல் பிரியாது நிற்கிறது. இம்முறைக்கு எலியாஸ் ஹோ என்பவர் 1846ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் தமது பொறிக்கு 1851ஆம் ஆண்டில் அதனைப் பெற்றார். சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877ஆம் ஆண்டில். அதன் பின்னர்ப் பல வீடுகளிற் சீதனப் பொருள்களுள் ஒன்றாகவே தையற்பொறி இடம்பெற்றது. இயந்திரங்களைப் பற்றிக் கடுமையான கருத்துடைய காந்தியடிகளும் 1924ஆம் ஆண்டில் ஒரு மாணவரின் வினாவுக்கு விடையளிக்கையில், சிங்கர் தையற்பொறியைத் தமது கண்டனத்திலிருந்து விலக்கினார். மனைவி படும் பாட்டைக் குறைக்க வேண்டும் என்ற அன்பிலிருந்து அது பிறந்தது என்பது அவர் கொண்ட கருத்து.

பொறியைக் காலால் மிதித்து ஓட்டுவதில் அம்மம்மாவுக்கு இன்னும் தளர்ச்சி இல்லை. ஊசியில் நூல் கோக்கத்தான் கண் இடந்தருவதில்லை. அதற்காகப் பேர்த்தியை அழைக்கிறார். அவள் வருகிறாள், நூலைக் கோத்துவிட்டுத் தன் புத்தகத்துக்குத் திரும்புகிறாள். ஒரு நாளில் ஐந்து முறை இவ்வாறு நிகழ்கிறது. ஆறாம் முறை அம்மம்மா அவளை அனுப்பவில்லை.

“பிள்ளை, இந்த மடிப்பை மட்டும் நீ பிடித்துத் தைத்துவிட்டுப் போ. என் கண்ணுக்கு அடுத்த வருஷம் எப்படியோ தெரியாது” என்கிறார்.

பேர்த்தி அமர்கிறாள். முதல் வரி வளைந்து போகிறது. அம்மம்மா கோபிக்கவில்லை, பிரித்துவிட்டு மீண்டும் தைக்கச் சொல்கிறார். தைப்பதைக் கற்பிக்குமுன் பிரிப்பதைக் கற்பிப்பதே நல்லாசிரியரின் முறை. துணி கிழியாமல் தையலைப் பிரிக்கத் தெரிந்தவருக்குப் பிழை செய்ய அச்சம் இராது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். அங்கே ஆசிரியரும் மாணவரும் இடம் மாறுகின்றனர்.

வலிகாமத்துச் செம்மண் நீரை விரைவில் உறிஞ்சிவிடும். அங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மாதங்களிற் பெய்து முடிந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களிற் கிணற்றுநீரே பயிருக்கு உயிர். துலாவினால் இறைத்த நீர் வாய்க்கால் வழியே ஓடிப் பாத்தி பாத்தியாகப் பாயும். ஆதலால் அங்கு பாத்தி நிலமட்டத்திற்குத் தாழ்வாகவும், அதன் வரம்பு உயர்வாகவும் இருக்கும். ஒரு துளி நீரும் வெளியே போகாமற் காப்பதே அப்பாத்தியின் இலக்கணம். அம்மம்மாவின் கை அறிந்தது அந்த இலக்கணத்தையே. வத்தளைக்கு வந்தபின்னும் அவர் அவ்வாறே பாத்தி கட்டினார். கத்தரியும் மிளகாயும் நாட்டார்.

கொழும்புப் பகுதியின் மழை வேறு வகையானது. ஆண்டில் இரண்டு முறை அது உச்சத்தை அடைகிறது. மே மாதத்தில் ஒருமுறை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மறுமுறை. சித்திரையில் இடிமழை தொடங்கியதும் தாழ்ந்த பாத்திகள் சிறு குளங்களாயின. நிலத்தடி நீரும் ஆழத்தில் இல்லாமையால் நின்ற நீருக்கு வடிய இடமில்லை. மூன்று நாளில் மிளகாய்க் கன்றுகளின் இலை சோர்ந்தது. ஒரு கிழமையில் வேர் அழுகிற்று. நீர் போதாமையால் வாடுகின்றன என்று எண்ணிய அம்மம்மா, மேலும் நீரூற்ற முனைந்தார்.

“அம்மம்மா, ஊரிலே நீங்கள் தண்ணீரைப் பிடித்து வைக்கப் பாத்தி கட்டினீர்கள். இங்கே தண்ணீரைப் போகவிடப் பாத்தி கட்ட வேண்டும்” என்றாள் பேர்த்தி. கால்வாயை எதற்காக வெட்டினர் என்பதை அவள் பாடசாலையிற் படித்திருந்தாள்.

முதியவருக்கு அச்சொல் சற்றுச் சுட்டது. ஐம்பது ஆண்டு அறிவைப் பதினாறு வயதுப் பிள்ளை திருத்துவதென்றால் எவருக்கும் மனம் ஒப்பாது. அன்று அவர் விடை சொல்லவில்லை. மறுநாட் காலையில் மருமகனிடம் மண்வெட்டியைக் கொடுத்து, வரம்பை வெட்டிப் பாத்தியின் மேலே போடச் சொன்னார். பள்ளமாக இருந்தது மேடாயிற்று. மேடாக இருந்தது வடிகாலாயிற்று.

அந்த மேட்டுப்பாத்திகளே இன்றும் அவ்வளவில் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மீற்றர் அகலம்; இருபுறமும் நின்று கையை நீட்டினால் நடுவரை எட்டும். உயரம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். இடையிலுள்ள வடிகால்கள் வேலியோரமாகச் சென்று வெளியேறுகின்றன. பங்குனியில் அம்மண்ணைக் கொத்திப் புரட்டிச் சில நாள் வெயிலிற் காயவிடுகின்றனர். காய்ந்த சருகும் சமையலறைக் கழிவும் மாட்டெருவும் அடுக்கடுக்காக இட்டு மூன்று மாதம் மக்கவிட்ட கூட்டெருவை அதனோடு கலக்கின்றனர். சென்ற பருவத்தில் முற்றவிட்டுக் காயவைத்துச் சாம்பலிற் புரட்டிச் சேமித்த விதைகள் வெளியே வருகின்றன. வெண்டி விதையை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து மறுநாள் ஊன்றுகின்றனர். பயற்றங்கொடிக்குக் கம்பு நாட்டுகின்றனர். கத்தரியும் மிளகாயும் நாற்றுமேடையில் ஏறத்தாழ ஒரு மாதம் வளர்ந்தபின் இடம் மாற்றப்படும். முளைக்கீரை மூன்று நான்கு கிழமையிற் கறிக்கு உதவும். வெண்டி ஏறக்குறைய ஐம்பது நாளிற் காய்க்கத் தொடங்கும். வல்லாரையும் பொன்னாங்காணியும் வடிகாலோரத்து ஈரத்தை விரும்பி வளர்கின்றன. நிலத்தின் குறை எனத் தோன்றிய ஈரம் அவ்விரு கீரைகளுக்கும் நிறைவாயிற்று.

விதையைச் சாம்பலிற் காத்தல், எருவை மக்கவைத்தல், நாற்றைப் பொழுது சாய்ந்தபின் நாட்டுதல் ஆகியவற்றை எல்லாம் கற்பித்தவர் அம்மம்மாவே. அவற்றில் ஒன்றும் பயனற்றுப் போகவில்லை. மாறியது பாத்தியின் வடிவமும் விதைக்கும் நாளும் மட்டுமே. இங்கேதான் ஊசியும் மண்வெட்டியும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. பழைய சேலையை அப்படியே பெட்டியிற் பூட்டிவைத்தால் அது மடிப்போடு இற்றுப்போகும். பழையதென வீசிவிட்டாலோ நல்ல துணியை இழந்தவராவோம். நைந்ததை நீக்கி, உறுதியானதைத் தெரிந்து, உடுப்பவரின் அளவுக்கு வெட்டித் தைத்தால் அது மேலும் பல ஆண்டு உழைக்கும். ஓர் ஊரில் விளைந்த அறிவை மற்றோர் ஊருக்குக் கொண்டுவருவோர் செய்யத்தக்கதும் அதுவே. வந்த நிலத்தின் அளவை எடுத்து, கொண்டுவந்ததை அதற்கேற்பத் தைத்துக்கொள்ள வேண்டும். அளவெடுப்பதற்கு இளையவரின் கண் வேண்டும். தைப்பதற்கு முதியவரின் கை வேண்டும்.

இவற்றை எல்லாம் பொழுதுபோக்கு என்று கருதியவர்களின் எண்ணத்தை 2022ஆம் ஆண்டு மாற்றியது. அதற்கு முந்திய ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு விளைச்சல் வீழ்ந்திருந்தது. பின்னர் அந்நியச் செலாவணி வற்றியது. 2022 செப்ரெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டில் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசாங்கம், அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கு உதவியாக மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க முடிவுசெய்தது. அப்பொழுது விதையும் எருவும் அனுபவமும் கைவசம் வைத்திருந்த வீடுகளில் உடனே கீரை முளைத்தது. ஏனைய வீடுகளில் மண்வெட்டி வாங்குவதிலேயே முதல் மாதம் கழிந்தது. தோட்டக் கலை என்பது தேவை வந்தபின் கற்கத்தக்கதன்று என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

அதற்காக இதனை மிகைப்படுத்திக் கூறுதலும் தகாது. பத்துப் பேர்ச் காணியில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அரிசி விளையாது. பருப்பும் சீனியும் கடையிலிருந்தே வர வேண்டும். தோட்டம் தருவது ஒரு கறியும் ஒரு சுண்டலும் சில கொச்சிக்காயும்தான். ஆடையும் அவ்வாறே. வத்தளையிலிருந்து அதே நீர்கொழும்பு வீதியில் வடக்கே சென்றால் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் வரும். அது 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அங்கும் நாட்டின் ஏனைய தொழிற்சாலைகளிலும் பல்லாயிரம் பெண்கள் நாள் முழுவதும் பிறநாட்டாருக்கு ஆடை தைக்கின்றனர். இலங்கையின் கைத்தொழில் ஏற்றுமதிகளுள் ஆடையே முதலிடம் பெறுகிறது. ஆடை தைத்துப் பெயர்பெற்ற நாட்டில், சட்டையில் அறுந்த பொத்தானைத் தைக்கத் தெரியாத பிள்ளைகள் பலர் உள்ளனர் என்பது வியப்புக்குரியது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தையலும் தோட்டமும் நல்லவை என்று புகழ்வோர், அவ்வேலையைச் செய்பவர் யார் என்று கேட்பதில்லை. அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வீடு திரும்பி, அடுப்பை மூட்டி, பிள்ளைகளின் பாடம் பார்த்து, அதன்பின் பொறியின் முன்னே உட்கார வேண்டும் என்றால், அந்தத் தாய்க்கு அது மகிழ்ச்சி தரும் கலையாகாது. மேலும் ஒரு சுமையாகும். மிச்சம்பிடித்த பணத்தை எண்ணுவோர் செலவான உறக்கத்தையும் எண்ணுதல் வேண்டும். ஆதலால் இவ்வேலைகள் வீட்டில் நிலைபெற வேண்டுமாயின், அவை எல்லோர் கையிலும் பகிரப்படல் வேண்டும்.

மனக்கண்முன் நிறுத்திய அக்குடும்பத்தில் அதற்கும் ஒரு வழி பிறந்தது. மண்வெட்டி மருமகனின் பொறுப்பு. நாற்றுக்கு மாலையில் நீர் தெளிப்பவன் பேரன். ஒரு சனிக்கிழமையில் அவனுடைய பாடசாலைச் சட்டையின் பொத்தான் அறுந்தது. அதனைத் தமக்கையிடம் நீட்டினான். அவள் ஊசியையும் நூலையும் அவன் கையிற் கொடுத்தாள்.

“ஆம்பிளைப் பிள்ளைக்கு இது எதற்கு?” என்றான் அவன்.

“புறக்கோட்டையில் தையற்கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் யார்?” என்று கேட்டார் அம்மம்மா.

அவனிடம் விடையில்லை. இரு முறை விரலிற் குத்திக்கொண்ட பின்னர்ப் பொத்தான் ஒருவாறு சட்டையில் நின்றது. சற்றுக் கோணலாகத்தான் நின்றது. அதனைத் திருத்தித் தர எவரும் முன்வரவில்லை. திங்கட்கிழமை அவன் அதனையே பெருமையோடு அணிந்து சென்றான். அன்று மாலை அவனுடைய தாய் அடுப்பங்கரை வேலையை முடித்துவிட்டுத் திண்ணையில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். பல மாதங்களின் பின் அவருக்குக் கிடைத்த அரைமணி நேரம் அது.

புத்தாண்டுக்கு மூன்று நாள் இருக்கையிற் பெரிய இடிமழை பெய்தது. வீட்டார் அனைவரும் திண்ணையில் நின்று பார்த்தனர். வடிகால்களில் நீர் சுழித்து ஓடிற்று. பாத்திகள் மேலே நின்றன. மழை விட்டதும் அம்மம்மா இறங்கிச் சென்று ஒரு கத்தரிக் கன்றின் அடியில் விரலை வைத்துப் பார்த்தார். மண் ஈரமாக இருந்தது, நீர் நிற்கவில்லை. திரும்பி வந்து பேர்த்தியிடம், “உன் பாவாடைக்கு இன்னும் ஒரு மடிப்பு வைப்போம், நீ வளருவாய்” என்று மட்டும் சொன்னார்.

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பது முன்னோர் மொழி. வறுமையிலும் செம்மை வேண்டும் என்பதே அதன் கருத்து. அச்செம்மை கடையில் விற்கப்படுவதன்று. புத்தகத்தால் மட்டும் வருவதுமன்று. ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு, அருகிலிருந்து, பிழை செய்தும் பிரித்துத் தைத்தும் அது செல்ல வேண்டும். அதற்கு வேண்டிய காலமோ ஆண்டில் மிகச் சில கிழமைகளே. பின்பனி விலகி இளவேனில் பிறக்கும் இந்நாட்களிற் பல வீடுகளில் ஒரு முதியவர் ஊசியில் நூல் கோக்க எவரையேனும் அழைத்துக்கொண்டிருப்பார். நூலைக் கோத்துக் கொடுத்துவிட்டு எழுந்து செல்லாமல், சற்று நேரம் அருகில் அமர்வது இளையோர்க்கு அழகு.